தாழ்ப்பாள்காரரின் ஊரிலிருந்து ஹ்லும் மேடு வரை

ஜூன் 28, 2024, வெள்ளி: சொமெர்டா

எர்ஃபுர்ட்டில் படிக்கும் மகளைப் பார்க்கத்தான் ஜெர்மனிக்குப் போயிருந்தேன். கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகள் லேத்துப் பட்டறை நடத்தியவனுக்குத் தேவாலயங்களை விடப் பழைய இயந்திரங்கள் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "அப்பா, ரயிலில் அரை மணி நேரத்தில் சொமெர்டா என்று ஓர் ஊர் இருக்கிறது. டைப்ரைட்டரும் கணக்குப் போடும் இயந்திரமும் செய்த ஊர், போகலாமா?" என்று கேட்டாள். இப்படிக் கிளம்பிய பயணம் ஆறாவது நாள் ஒரு செக் கிராமத்து ரயில் நிலையத்தில், நனைந்த செருப்போடு முடியும் என்று அப்போது நினைக்கவில்லை.

சொமெர்டா, உன்ஸ்ட்ருட் ஆற்றங்கரையில், பழைய மதில் சுவரின் மிச்சங்களோடு அமைதியாகக் கிடக்கும் சிறிய ஊர். அங்குள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகம் ட்ரைஸே என்பவரின் பெயர் தாங்கிய வீட்டில் இயங்குகிறது. ரைன்மெட்டால் நிறுவனம் 1901இல் இந்த ஊர்த் தொழிற்சாலையை வாங்கியதும், டைப்ரைட்டரும் கணக்கு இயந்திரமும் இங்கிருந்து உலகெங்கும் போனதும், கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் பி.சி. 1715 என்ற கணினி இங்கே தயாரானதும் எனக்குச் சுவையான செய்திகளாக இருந்தன. ஆனால் இத்தனைக்கும் முதல் அடுப்பு மூட்டியது ஒரு துப்பாக்கி என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தேன்.

யோஹான் நிக்கோலாஸ் ட்ரைஸே 1787இல் இவ்வூரில் பூட்டு செய்பவரின் மகனாகப் பிறந்து, தாமும் அந்தத் தொழிலையே கற்றவர். 1809இல் பாரிசுக்குப் போய், பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த பாவ்லி என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் பட்டறையில் 1814 வரை வேலை பார்த்தார். ஊர் திரும்பி இரும்புச் சாமான்கள் செய்தார். பிறகு துப்பாக்கிக்கு வேண்டிய, அடித்தால் தீப்பொறி தரும் சிறு வெடிமூடிகள் செய்தார். 1836 வாக்கில் பின்வழியாகக் கெட்டிக்கும் ஊசித் துப்பாக்கியை முடித்தார். 1840இல், அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான ப்ரஷ்யாவின் அரசு 60,000 துப்பாக்கிகள் கேட்டது. இது என்ன கருவி என்று அண்டை நாடுகளுக்குத் தெரியக் கூடாதென்பதற்காக, "1841 மாதிரி இலகு வெடிமூடித் துப்பாக்கி" என்று சாதுவான ஒரு பெயரை வைத்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைக் கதவில் இருந்த இரும்புத் தாழ்ப்பாள்தான் அது. குழலுக்குப் பின்னால் உருளையான ஒரு தண்டு, அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி, அந்தக் கைப்பிடி ஓடி மடங்குவதற்கு வெட்டிய காடி: பூட்டுக்காரரின் மகனுக்கு வேறென்ன தோன்றும்? இன்று வரை உலகில் உருவான தாழ்ப்பாள் துப்பாக்கிகளில், பெரும்படை ஒன்று தன் காலாட்படைக்கே பொதுவாக்கிய முதல் துப்பாக்கி இதுதான்.

பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், நேரமிருந்தால் விளக்கட்டுமா என்று என் மகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பித்தார். டைப்ரைட்டர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். சட்டைப் பையிலிருந்து அழுத்துப் பேனாவை எடுத்துக் கழற்றி, ஸ்பிரிங்கையும் ரீஃபிலையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ரீஃபில்தான் ஊசி, ஸ்பிரிங் அதைத் தள்ளுவது. முதலில் உட்கூட்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கைப்பிடியை இடப்பக்கம் திருப்பித் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து, காகிதத் தோட்டாவை முழுசாக உள்ளே வைக்க வேண்டும். தாழ்ப்பாளை முன்னே தள்ளி வலப்பக்கம் மடக்கி, உட்கூட்டை முன்னால் தள்ளினால் ஸ்பிரிங் இறுகி நிற்கும். விசையை இழுத்தால் ஊசி தோட்டாவின் அடியைத் துளைத்து, வெடிமருந்தின் நடுவே ஓடி, குண்டைப் பிடித்திருக்கும் காகிதக்கூழ்க் கிண்ணத்தின் அடியில் பதித்த வெடிப்பொட்டைக் குத்தும். குழலின் விட்டம் 15.43 மில்லிமீட்டர், குண்டோ 13.6தான். குண்டு குழலைத் தொடுவதே இல்லை. காகிதக் கிண்ணம்தான் குழலின் புரிகளைக் கவ்விச் சுழல்கிறது.

லேத்துக்காரன் என்ற முறையில் எனக்கு இரண்டு குறைகள் உடனே பட்டன, இரண்டும் உண்மைதான் என்று அவரும் சொன்னார். வெடிக்கும் மருந்துக்கு நடுவே நிற்கும் ஊசி வெந்து, அரித்து, ஒடியும். அதனால் ஒவ்வொரு சிப்பாயும் மாற்று ஊசி வைத்திருந்தான். தாழ்ப்பாளும் குழலும் சேரும் இடத்தில் கூம்புக்குக் கூம்பு உலோகம் மட்டுமே பொருந்துகிறது, வாஷர் எதுவும் கிடையாது. நாளானால் அங்கே வாயு கசியும். முகத்தில் சூடு படாமலிருக்க இடுப்பில் வைத்தே சுட்டவர்களும் உண்டு.

காகிதத் தோட்டா என்றதும் நமக்கு 1857 சிப்பாய்க் கலகம்தான் நினைவுக்கு வரும். அந்த என்ஃபீல்டு தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது. இதற்குப் பதினாறு ஆண்டுகள் முந்தைய மாதிரியான ட்ரைஸேயின் தோட்டாவுக்குப் பல்லே வேண்டாம்.

வெளியே வந்து வறுத்த துரிங்கியச் சாசேஜ் வாங்கினோம், ஒன்று 3.50 யூரோ. அட்டை செல்லாது என்று கடைக்காரம்மா கையை விரித்தார். பணம் எடுக்க நான் ஓடிவிட்டுத் திரும்பும் வரை, ஆறிவிடக் கூடாதென்று எங்கள் இரண்டையும் கரியின் ஓரத்தில் தள்ளி வைத்திருந்தார். ஒரு சாண் நீளத்துச் சாசேஜுக்கு உள்ளங்கை அளவு ரொட்டி, கடுகு விழுது காரம். நன்றாகவே இருந்தது.

ஜூன் 29, சனி: டிரெஸ்டன்

மகளுக்குப் பரீட்சை. தனியாகத்தான் கிளம்பினேன். இந்தத் துப்பாக்கி முதன்முதலில் சண்டையில் வெடித்தது டிரெஸ்டனில், பெரிய அளவில் பேசப்பட்டது இன்றைய செக் நாட்டுப் பகுதியான போஹீமியாவில். இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருக்கும்போது விட மனம் வரவில்லை.

நம்மூர்ச் சித்திரை வெயில். எல்பே ஆற்றங்கரையில் பெரிய திரை கட்டி ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடந்த கால்பந்து ஆட்டத்தைக் காட்டினார்கள். டார்ட்மண்டில் இடி மின்னல் வந்து ஆட்டம் நடுவில் நின்றபோது, பக்கத்து மேசைக் குடும்பம் என்னையும் தங்களோடு உட்கார வைத்துக்கொண்டது. ஜெர்மனி இரண்டு கோல் அடித்து வென்றது. டென்மார்க் என்றதும் முந்தைய நாள் படித்த லுண்ட்பி என் மனதில் ஓடியது. டென்மார்க்கோடு ப்ரஷ்யா நடத்திய போரில், 1864 ஜூலை 3 அன்று, டென்மார்க்கின் யூட்லாந்தில் அந்தச் சிற்றூரின் வெளியே, டேனிய வீரர்கள் சுமார் 180 பேர் துப்பாக்கி முனைக் கத்தியான பயோனெட்டை நீட்டியபடி நெருக்கமான பத்தியாக ஓடி வந்தார்கள். அவர்களைவிடக் குறைவான ப்ரஷ்யர்கள் ஒரு மண் வரப்பின் பின்னால் காத்திருந்தார்கள். சில நிமிடங்களில் டேனியர்களில் பாதிப்பேர் செத்தோ காயம்பட்டோ பிடிபட்டோ போனார்கள்; ப்ரஷ்யத் தரப்பில் காயம்பட்டவர்கள் மூன்று பேர். அந்தப் போரில் ப்ரஷ்யாவின் கூட்டாளியாக அருகிலேயே நின்ற ஆஸ்திரியா, இதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

ஜூன் 30, ஞாயிறு: டிரெஸ்டன்

புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் பெரும்பாலும் திறந்திருக்காது என்பது தெரிந்தும் ஒட்டுத்துணி வாங்கி வைக்காதது என் குற்றம். நொண்டிக்கொண்டு நடந்தவனை டிராம் நிறுத்தத்தில் பார்த்த ஒரு நடுத்தர வயது அம்மா, ஒரு வார்த்தையும் பேசாமல் கைப்பையிலிருந்து இரண்டு ஒட்டுத்துணிகளை எடுத்து நீட்டிவிட்டு, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் டிராமில் ஏறிவிட்டார்.

நோய்மார்க்ட் சதுக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்தால், 1849 மே முதல் வாரத்தில் இந்தத் தெருக்களை மறித்து நூற்றுக்கும் மேற்பட்ட தடுப்பரண்கள் எழும்பின என்று நம்ப முடியாது. அரசியல் சட்டம் கேட்டு எழுந்த மக்களோடு இசைஞர் வாக்னரும் ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனினும் நின்றார்கள். ஊரின் பெரிய நாடக அரங்கத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் செம்பர், அரண் கட்டுவதற்கும் தம் தொழிலறிவைக் கொடுத்தார். சாக்சனி மன்னர் ப்ரஷ்யப் படையை அழைத்தார். அந்தப் படையின் கையில் ஊசித் துப்பாக்கி இருந்தது. மே 9 அன்று எல்லாம் முடிந்துபோயிற்று.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 1848 ஜூன் 14 அன்று, பெர்லின் மக்கள் அங்கிருந்த ஆயுதக் கிடங்கை உடைத்து இதே துப்பாக்கிகளில் பலவற்றை எடுத்துப் போனார்கள். அயல்நாட்டானிடமிருந்து மறைக்க வைத்த ரகசியப் பெயர் தெருவில் உடைந்தது சொந்த ஊர்க்காரர்களால். அந்தத் துப்பாக்கி முதலில் சுட்டதும் ஜெர்மானியர்களைத்தான். கண்ணாடிப் பெட்டிகளின் அட்டைகளில் இந்த வரிசை சற்று மங்கலாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மாலையில் ஐயர்ஷெக்கே என்ற கேக், 4 யூரோ. அடியில் ரொட்டி மாவு, நடுவில் தயிர்ப் பாலாடை, மேலே முட்டையும் வெண்ணெயும். பாலாடைக்கட்டிக் கேக் என்றால் முகம் சுளிப்பவன், இதை மட்டும் இரண்டு வாங்கினேன்.

ஜூலை 1, திங்கள்: ஹ்ராடெட்ஸ் க்ராலோவே

வெக்கை ஒரே இரவில் காணாமல் போய், ஸ்வெட்டர் தேவைப்பட்டது. பிராகுக்குப் போகும் ரயில் எல்பே ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. வலப்பக்கம் செங்குத்தான பாறை உச்சியில் கோனிக்ஸ்டைன் கோட்டை தெரிந்தது. 1849இல் மக்களுக்குப் பயந்த சாக்சனி மன்னர் வந்து ஒளிந்துகொண்டது அங்கேதான்.

பிராகில் ரயில் மாறி மாலையில் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே. ஜெர்மன் பெயர் கோனிக்ரேட்ஸ். வரலாற்றுப் புத்தகங்களில் உள்ளது அந்தப் பெயர்தான். தங்கிய விடுதியில் பொதுக் குளியலறை. அதன் கதவில், நம்புங்கள், ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாள். குளித்து முடித்துப் பார்த்தால் கைப்பிடி மடங்கிய இடத்திலேயே இறுகிக்கொண்டது. இழுத்தேன், தட்டினேன், துண்டைச் சுற்றித் திருப்பினேன். கால் மணி நேரம் கழித்து வெளியிலிருந்து விடுதிக்காரர் கதவைத் தோளால் தூக்கிப் பிடிக்க, காடியின் மேல் இருந்த பாரம் விலகி அது திறந்தது. சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து அவர் தடவ, தாழ்ப்பாளை நான் ஐந்தாறு முறை ஓட்டிக் காட்டினேன். வெடிமருந்துக் கரி படிந்த தாழ்ப்பாளைச் சேற்றில் படுத்துக்கொண்டு திறக்க முடியாமல், கைப்பிடியைக் கல்லால் தட்டியவர்களின் அவசரம் அந்தக் கால் மணி நேரத்தில் லேசாகப் புரிந்தது.

ஜூலை 2, செவ்வாய்: ஹ்லும்

காலைப் பேருந்தில் ஹ்லும். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு தேவாலயம், சில வீடுகள், ப்ரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த 1866 போருக்கான அருங்காட்சியகம், பக்கத்தில் இரும்பினாலான பார்வைக் கோபுரம். ஏறிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை மெல்ல ஏறி இறங்கும் நிலம். மலை என்று சொல்ல எதுவுமில்லை. 1866 ஜூலை 3 அன்று, மழையில், இந்த வயல்களில் இரு தரப்பிலும் சேர்ந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மோதினார்கள். ஆஸ்திரியாவும் அதன் துணையான சாக்சனியும் இழந்தது ஏறக்குறைய 44,000 பேர், அதில் பாதிக்குப் பக்கம் கைதிகள். ப்ரஷ்யா இழந்தது 9,000 பேர்.

அருங்காட்சியகத்தில் இரண்டு துப்பாக்கிகளையும் ஒருசேரப் பார்க்க முடிந்தது. ஆஸ்திரியாவின் லோரென்ஸ் 1854 மாதிரி. வாய்வழியாக மருந்து கெட்டிப்பது. ஆனால் ட்ரைஸேயைவிடத் தொலைவாகவும் குறி தவறாமலும் சுடக்கூடியது. ஆஸ்திரியப் பீரங்கிகளும் ப்ரஷ்யாவினுடையதைவிட மேல். "ஊசித் துப்பாக்கி போரை வென்றது" என்று நாலு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். கருவிகளை மட்டும் தராசில் வைத்தால் தட்டு அப்படிச் சாயாது.

சிறு வயதில் எங்கள் ஊர்க் குளத்தில் கொக்கு சுட வருகிறவர்கள் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைக் கன்னத்துக்கு நேராக நிறுத்தி, மருந்தைக் கொட்டி, நார்த்துண்டை அடைத்து, கம்பியால் இடிப்பார்கள். அதை நின்றுகொண்டுதான் செய்ய முடியும். லோரென்ஸும் அப்படித்தான்: நிமிடத்துக்கு இரண்டு முறை, ஆளுயரத்துக்கு எழுந்து நின்று. ட்ரைஸேக்காரன் வயிற்றுப்புறமாகப் படுத்து, மரவேரின் பின்னால் தலையை வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து ஐந்தாறு முறை சுடுவான். வேகத்தைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் படுக்கைதான் பெரிதாகத் தெரிகிறது. சிப்பாய் போர்க்களத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போன கதை அங்கிருந்து தொடங்குகிறது.

எதிரி படுத்திருக்கும்போது ஆஸ்திரியர்கள் நின்றது போதாதென்று, கூட்டமாக ஓடியும் வந்தார்கள். 1859இல் இத்தாலியில் பிரெஞ்சுக்காரர்களின் பயோனெட் பாய்ச்சலிடம் தோற்றவர்கள், அதுவே வெல்லும் வழியென்று முடிவு கட்டியிருந்தார்கள். ஊசித் துப்பாக்கியைச் சோதித்தும் பார்த்தார்கள். சிப்பாய் தோட்டாவை வீணாக்கிவிடுவான் என்று ஒதுக்கினார்கள். 1866இல், ஹ்லும் சண்டைக்குச் சில நாள் முன், ஜூன் 27 அன்று டிரவுட்டெனாவில் ஆஸ்திரியர்கள் வென்றார்கள். வென்றவர்களின் இழப்பு தோற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல். அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகும் படைத்தலைவர் பெனெடெக்கால் ஒரு வாரத்தில் எதை மாற்றியிருக்க முடியும்?

தேவாலயத்துக்குக் கொஞ்சம் தள்ளி, "இறந்தவர்களின் பீரங்கி அணி" என்று பெயர் பெற்ற நினைவிடம். தம் படை பின்வாங்க நேரம் கொடுப்பதற்காக, ப்ரஷ்யக் காலாட்படை மிக அருகில் வந்த பிறகும் கேப்டன் வான் டெர் க்ரோபனின் பீரங்கிகள் இங்கே சுட்டுக்கொண்டிருந்தன. அவரும், அவருடைய வீரர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களும், அதைவிட அதிகமான குதிரைகளும் சில நிமிடங்களில் விழுந்தார்கள். நான் போனபோது ஒரு பாட்டி பேரனோடு வந்து அங்கிருந்த வாடிய மாலையை எடுத்துவிட்டுக் காட்டுப் பூக்களை வைத்துக்கொண்டிருந்தார். எந்தத் தரப்பு என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

மதியம் ஸ்வீச்கோவா, 169 கொருனா, நம் கணக்கில் அறுநூறு ரூபாய். மாட்டிறைச்சி, கேரட்டும் பாலாடையும் அரைத்த குழம்பு, அதன் தலையில் இனிப்புப் பழக்கூழ். குழம்பில் சர்க்கரை போட்டவரை நான் மன்னிக்கவில்லை. மாலையில் குடித்த குலைடா சூப்பை மறக்க மாட்டேன்: காளான், உருளைக்கிழங்கு, சதகுப்பைத் தழை, மோர்க்குழம்பின் புளிப்பு.

ஜூலை 3, புதன்: ஸ்வீப் காடு

போர் நடந்த அதே தேதி. விடியலிலிருந்தே தூறல்.

ஸ்வீப் என்பது பெரிய காடொன்றும் இல்லை. ஓக் மரங்களும் ஊசியிலை மரங்களும் கலந்த, ஒரு மணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடக்கூடிய சோலை. அன்று காலை ஃப்ரான்செக்கி என்ற தளபதியின் 7ஆவது ப்ரஷ்ய டிவிஷன் இதற்குள் புகுந்தது. மாக்டெபுர்க் பக்கத்துப் படை. சொமெர்டா இருந்த அதே ப்ரஷ்ய மாகாணத்துப் பையன்கள். அவர்களை விரட்ட ஆஸ்திரியர்கள் பட்டாலியன் மேல் பட்டாலியனாக, கோர் எனப்படும் பெரும் படைப்பிரிவுகள் இரண்டிலிருந்து ஆள் எடுத்து அனுப்பினார்கள். மரங்களுக்கு நடுவே லோரென்ஸின் தொலைவுக்கு வேலையில்லை. ஐம்பது தப்படிக்கு அப்பால் எதுவும் தெரியாத இடத்தில் வேகமாகச் சுடுபவன்தான் ராஜா. காட்டின் பெரும் பகுதியை ஆஸ்திரியர்கள் பிடித்தும் விட்டார்கள். ஆனால் வலது புறத்தைக் காக்க வேண்டியவர்கள் எல்லாம் இந்தச் சோலைக்குள் கரைந்திருந்தபோது, அந்த வலது புறமாகவே பட்டத்து இளவரசரின் இரண்டாம் ப்ரஷ்யப் படை வந்து சேர்ந்து, பிற்பகலில் ஹ்லும் மேட்டை எடுத்துக்கொண்டது.

பாதை நெடுகக் கற்கள். ஒரு கல்லில் பாசி, அடுத்ததில் புதிதாகப் பூசிய எழுத்து; ஒன்று ஆஸ்திரிய ரெஜிமென்ட், அடுத்தது ப்ரஷ்யர், சில இடத்தில் இருவரும் ஒரே குழியில். ஆஸ்திரியப் படையில் ஹங்கேரியர், செக்கர், போலந்துக்காரர், ருமேனியர் என எல்லாருமே இருந்தார்கள். கற்களை எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன். இயந்திரம் பார்க்க வந்தவனுக்கு அதற்கு மேல் கணக்கு ஓடவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மகள் கட்டிக் கொடுத்ததில் மிச்சமிருந்த கடலைமிட்டாயைத் தின்றேன்.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தத் துப்பாக்கியே பழசாகிப் போனது. பிரான்ஸ் 1866இலேயே ஷாஸ்போ துப்பாக்கியைக் கொண்டுவந்தது: அதே ஊசி, அதே தாழ்ப்பாள், ஆனால் வாயு கசியாமலிருக்க ரப்பர் வளையம், 11 மில்லிமீட்டர் குழல், இரண்டு மடங்குத் தொலைவு. சொமெர்டாவில் நான் தேடிய வாஷர் அங்கே இருந்திருக்கிறது. பிரான்ஸோடு நடந்த போரில், 1870 ஆகஸ்ட் 18 அன்று சான் பிரிவா கிராமத்தின் முன், திறந்த மேட்டில் ஏறிய ப்ரஷ்யக் காவல் படை சுமார் எட்டாயிரம் பேரை இழந்தது. ஹ்லும் மேட்டைப் பிடித்த அதே காவல் படை. அதை அடுத்து ட்ரைஸேயை ஓரங்கட்டி, மவுசர் சகோதரர்களின் 1871 மாதிரி வந்தது. ட்ரைஸே இவற்றைப் பார்க்கவில்லை. 1864இல் பிரபுப் பட்டம் பெற்று, 1867 டிசம்பரில் சொமெர்டாவிலேயே இறந்துவிட்டார்.

காட்டிலிருந்து ஹ்லும் வந்து சேர்ந்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு இரண்டு மணி நேரம். வ்ஷெஸ்டரி ரயில் நிலையம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் என்று கைப்பேசி சொன்னதை நம்பி, வயல் ஓரப் பாதையில் குறுக்கு வழி பிடித்தேன். களிமண். இருபது தப்படியில் ஒவ்வொரு செருப்பும் இரண்டு கிலோ ஆனது. ஓரிடத்தில் வலது செருப்பு மண்ணிலேயே நின்றுவிட, கால் மட்டும் முன்னால் போயிற்று. இந்தச் சேற்றில், முதுகில் மூட்டையோடு, மேட்டை நோக்கி ஓடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊர் எல்லையில், வேலிக்கு அந்தப் பக்கம் செர்ரி பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மொழி புரியவில்லை. வீட்டுக்குள் போய், தோட்டத்துக் குழாயையும் ஒரு பழைய பிரஷையும் கொண்டுவந்து கொடுத்தார். நான் செருப்பைக் கழுவி முடிக்கும் வரை குடை பிடித்துக்கொண்டு நின்றார். பணம் கொடுக்கப் போனபோது கோபித்துக்கொண்டு, ஒரு கை நிறைய செர்ரியை என் சட்டைப் பைக்குள் போட்டார். ரயில் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நிலையத்தில் வேறு யாரும் இல்லை. கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல், ஒவ்வொன்றாக ஒரு காகிதத்தில் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டேன்.